கோவித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர்கள்

சாத்தங்குறிச்சி மியூசியத்தில் ஊர்ச்சனம் வரைந்த படங்களை வைத்துக் கண்காட்சி நடத்துவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, பால் வண்டி வருவதற்கு முன்னாலேயே, மியூசியத்துக் கற்சிலைகள் ஐந்தும் கோவித்துக்கொண்டு கிளம்பிப் போய்ப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டன.

முதலில் பார்த்தது டைம் கீப்பர் பிச்சுமணி. சிமெண்டு பெஞ்சில் வரிசையாக, வில்லை மடியில் வைத்துக்கொண்டு நடுகல் வீரனும், கண்ணை மூடியபடி சமண முனிவரும், மூக்கு உடைந்த ராணியும் உட்கார்ந்திருக்க, அவர்கள் காலடியில் ஒற்றைக் காது நந்தி படுத்திருக்க, பெஞ்சின் அந்தக் கோடியில், எல்லோரையும் விட்டுத் தள்ளி, பெரிய வயிறும் தொங்கிய மார்புமாக, ஒரு பக்கம் மகனும் ஒரு பக்கம் மகளும் ஒட்டிக்கொள்ள, தவ்வை இருந்தாள். பிச்சுமணி ஒன்றும் பதறவில்லை. தென்காசி வண்டி வந்தது, போனது. கோவில்பட்டி வண்டி வந்தது, போனது. ஐந்து பேரில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் சந்தேகம் எதற்கு? நிஜமாக ஊருக்குப் போகிறவன் வருகிற முதல் பஸ்ஸில் முண்டியடித்து ஏறிவிடுவான். கோவித்துக்கொண்டு வந்தவன்தான் ஒவ்வொரு பஸ்ஸாகப் போகவிட்டு, போர்டைப் படிக்கிற மாதிரி பாவலா காட்டிக்கொண்டு, யாராவது கூப்பிட வருகிறார்களா என்று ஊர்ப் பக்கத்து ரோட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பான். பிச்சுமணி அந்த ஸ்டாண்டில் எத்தனை மாமன்களை, எத்தனை சம்பந்திகளை, எத்தனை மாப்பிள்ளைகளைப் பார்த்தவர்! உடனே மியூசியம் மேடத்துக்குப் போன் போட்டார்.

"மேடம், ஒங்க வீட்டு ஆளுக அஞ்சு பேரும் இங்கதான் இருக்காவ. பதறாதீய. காப்பி வாங்கிக் குடுத்தேன், தொடலை. கோவம் நல்லா இருக்கு."

மியூசியம் மேடம் என்பது காப்பாட்சியர் சண்முகவடிவு. எண்ணெய் வைத்த தலையை அப்படியே முடிந்துகொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பெஞ்சைப் பார்த்ததும் ஐந்து பேரையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எண்ணாமல் இருப்பாளா? ஆளே வராத இடத்தில் எதற்குச் சிலைகள், ஏற்றி ஜில்லா மியூசியத்துக்கு அனுப்பிவிடலாமே என்று மேலிடத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்கள், ஊரையே உள்ளே வரவைத்துக் காட்டுகிறேன் என்று அவள் வாங்கி வந்ததுதான் இந்தப் படக் கண்காட்சி. இந்த ஐந்து பேரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பாடும். ஜில்லா மியூசியம் வாசல் வழியாகவே போகிற நேர் பஸ் சாயங்காலம் ஐந்தரைக்கு. அதுதான் கடைசி. கடைசி பஸ் வரை யாரும் கூப்பிடவில்லையென்றால் கோவித்துக்கொண்டவர்கள் ஏறித்தான் ஆக வேண்டும், ஏறாவிட்டால் மானம் போய்விடும். யாரும் லாரி வைத்து ஏற்ற வேண்டாம், அவர்களே டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

"ஆறு வருஷம்," என்றாள் வடிவு, நந்தியின் முதுகைத் தடவிக்கொண்டு. "தினம் காலையில பிரஷ் போட்டுத் துடைச்சு, ராத்திரி கொசு அதிகமா, பக்கத்து மண்டபத்து ரேடியோ தொந்தரவான்னு கேட்டு... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டாங்களே!"

"நீங்க அவியகிட்ட ஒரு வார்த்தை சொன்னீயளா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

ராஜக்கனி. கல்யாண வீட்டுச் சமையல்காரி. முறுக்கிக்கொண்டு போன சம்பந்தியைச் சாம்பார் கொதிக்கிறதற்குள் சமாதானப்படுத்திப் பந்தியில் உட்கார வைத்துவிடுகிற கெட்டிக்காரி என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். கண்காட்சிக்கு அவளும் ஒரு படம் வரைந்திருந்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் சூரிய உதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அது அண்டாவில் கொதிக்கிற சாம்பாரை மேலேயிருந்து பார்ப்பது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

"ஊரு முழுக்கத் தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போய் வெத்தலபாக்கு வச்சுக் கூப்பிட்டீய. எங்க தெருவுல நாய்க்கு மட்டுந்தான் வைக்கலை. வீட்டுக்குள்ள இருக்கவியளைக் கூப்பிட்டீயளா?"

"வீட்டு ஆளுங்களை யாராவது கூப்பிடுவாங்களாக்கா?"

"அங்கனதான் தப்புப் பண்ணிட்டீய. வெளி ஆளைக் கூப்பிடலைன்னா வரமாட்டான், அம்புட்டுத்தான். வீட்டு ஆளைக் கூப்பிடலைன்னா பையைத் தூக்கிருவான். அதுலயும் நீங்க என்ன பண்ணினீய? படம் மாட்ட எடம் பத்தலைன்னு அவியளைப் பின் வராந்தாவுல ஒதுக்கி, மூஞ்சி செவரைப் பாத்த மாதிரி நிறுத்தி, மேல தார்ப்பாயை வேற போட்டு மூடிட்டீய. எனக்கே இப்படிப் பண்ணியிருந்தா நான் முந்தின நாள் ராத்திரியே கெளம்பியிருப்பேன்."

வடிவுக்கு அழுகை வந்துவிட்டது. அவர்களுக்காகவே எல்லாம் செய்து, அவர்களிடம் மட்டும் வாயைத் திறக்காமல் விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ராஜக்கனி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மண்டையை ஒடச்சா ஆச்சா? எத்தனை கோவத்தைப் பாத்திருக்கோம். ஆளுக்கொரு முறை கண்டுபிடிக்கணும். முறை இல்லாதவன் கூப்பிட்டா வரமாட்டாவ."

அதற்குள் ஊருக்கு விஷயம் தெரிந்து பஸ் ஸ்டாண்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிலை எப்படி நடந்தது என்று ஒருத்தர் கேட்கவேண்டுமே! கேட்டதெல்லாம், சாப்பிட்டார்களா, வெயில் படுகிறதே பெஞ்சை நகர்த்தலாமா, யார் போய்ப் பேசுவது என்பதுதான். கண்டக்டர்கள் அவர்களுக்கு முன்னால் விசிலைக் காதுக்கு நோகாமல் மெள்ள ஊதினார்கள். முனிவர் பிறந்த மேனிக்கு இருக்கிறாரே, பொம்பளைப் பிள்ளைகள் வருகிற இடமென்று யாரோ அவர் மடியில் ஒரு ஈரிழைத் துண்டைப் போட்டார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து, லக்கேஜ் ஒன்றும் இல்லாததைப் பார்த்து, அப்படியானால் சும்மா மிரட்டுவதற்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று வடிவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

நந்திதான் முதலில் இறங்கி வந்தார். பால் சொசைட்டிப் பெண்கள் பருத்திக்கொட்டை ஊறப்போட்ட வாளியைக் கொண்டுவந்து பத்தடி தள்ளி வைத்துவிட்டு, எல்லோரும் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்கள். இது இந்த ஊர் மரியாதை. கோவித்துக்கொண்டு போனவர் மனசு மாறித் திரும்பும்போது யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவருக்கு வெட்கமாகி மறுபடி உட்கார்ந்துவிடுவார். ஆகவே ஸ்டாண்டு முழுக்க, டிரைவர் கண்டக்டர் பயணிகள் எல்லோரும், சினிமா போஸ்டரையும் டைம் டேபிளையும் மும்முரமாகப் படித்தார்கள். திரும்பிப் பார்த்தபோது வாளி காலியாக இருந்தது, நந்தி மியூசியம் ரோட்டில் தபால் ஆபீஸைத் தாண்டியிருந்தார்.

வீரனிடம் மேலத் தெரு மாட்டுக்காரர்கள் போனார்கள். எங்கள் மாட்டை மீட்கப் போய் உயிரை விட்டவர், எங்களுக்கு மாமன் முறைதான் என்று துண்டும் வாழைத்தாருமாக நின்றார்கள். வீரன் அசையவில்லை. அப்புறம் சலூன் கடை இசக்கிமுத்து முன்னால் வந்து, தான் வரைந்த படத்தைப் பற்றி சாடையாகப் பேச்சை எடுத்தான். இந்த ஊரில் தன் கைக்கு வந்த மீசைகளையெல்லாம் ஒரே படத்தில் வரைந்திருப்பதாகவும், பார்க்கிறவர்களெல்லாம் இதில் தலைமீசை எது என்று கேட்பதாகவும், மாமா வந்து நின்றால்தான் பதில் சொல்ல முடியும் என்றும் சொன்னான். ஸ்டாண்டு முழுக்க மறுபடி டைம் டேபிளைப் படித்தது. ராணியிடம் பியூட்டி பார்லர் ஜெனிட்டா போய், அவளையே பார்த்து வரைந்து, உடைந்த மூக்கை ஒட்டவைத்து, மூக்குத்தியும் போட்டிருந்த படத்தைக் காட்டினாள். ராணி கிளம்பிய வேகத்தில் பெஞ்சு ஓரம் பெயர்ந்துவிட்டது. முனிவரிடம் யாருக்கும் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. ரிட்டயரான டிரில் மாஸ்டர் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவரோடு சும்மாவே இருந்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து எழுந்து போனார்கள். துண்டு பெஞ்சிலேயே கிடந்தது.

மியூசியத்தில் சுவரெல்லாம் படமாக இருந்ததால் அவர்களுக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நால்வரும் படம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஊர்ச்சனத்துக்குத் தலைகால் புரியவில்லை. எந்த ஊர்க் கண்காட்சிக்கு இப்படிப்பட்ட சிறப்பு விருந்தினர்கள் வந்தார்கள்! லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் தன் மயிலையும், நர்ஸம்மா தான் வரைந்த மருந்துப் பாட்டில்களையும், தையற்காரர் வெட்டுத்துணியை ஒட்டிச் செய்த ஊர் வரைபடத்தையும், அவர்கள் கண்ணுக்கு நேராக இருக்கும்படி ஆணியை மாற்றி மாற்றி அடித்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் தவ்வை மட்டும் தனியே இருந்தாள்.

அவளை யாரும் கூப்பிடப் போகவில்லை. ஒரு காலத்தில் ஏரிக்கரையில் வைத்துக் கும்பிட்ட தாய்தான், லட்சுமிக்கு மூத்தவள்தான், தவ்வை என்றாலே அக்கா என்றுதான் அர்த்தம், ஆனால் மூத்ததேவி என்ற பேர் தேய்ந்து மூதேவியாகி, வீட்டுக்குள் சொல்லக் கூடாத பேராகி, யாரையாவது திட்டுவதற்கு மட்டும் எடுக்கிற பேராகி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. விசேஷ வீட்டுக்கு அவளை எப்படிக் கூப்பிடுவது? "அதுவாப் போகுதுன்னா போகட்டுமே, நல்லதுதானே" என்று ஸ்டாண்டிலிருந்து கிளம்பும்போதே கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு அவள் காதில் விழுந்திருக்கும். விழாமலா இருக்கும்?

மியூசியம் வாசலில் வடிவு ராஜக்கனியைப் பார்த்தாள். ராஜக்கனி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "என்னை விட்டுருங்க மேடம். நாளைக்கு எனக்கு ரெண்டு முகூர்த்தம். அந்தம்மாவைப் பேர் சொல்லி அழைச்சவன்னு தெரிஞ்சா எவன் என் கையில கரண்டியைக் குடுப்பான்?"

"நாலு பேர் வந்தாப் போதுமா?" வடிவு கோபமாகக் கேட்டாள். "அஞ்சு பேரும் இல்லேன்னா எனக்குக் கண்காட்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." தாம்பாளத்தைத் தானே எடுத்துக்கொண்டு தனியாக நடந்தாள்.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, வெற்றிலை பாக்கு பழம் பூ வைத்த தாம்பாளத்தை அவளிடம் நீட்டினாள். "அக்கா, நான்தான் உன்னைச் சுவர்ப் பக்கமாத் திருப்பி வச்சேன். உன் கண்ணைப் பார்த்துக்கிட்டுத் தார்ப்பாய் போட எனக்கு மனசு வரலை, அதான் திருப்பினேன். மனசு வரலைன்னா செஞ்சிருக்கக் கூடாது. மன்னிச்சிரு. விசேஷத்துக்கு வா." தவ்வை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு இன்னொரு தடவை கேட்டாள், காலைப் பிடித்துக் கேட்டாள், இரண்டு பிள்ளைகளின் கன்னத்தைத் தடவி அம்மாகிட்டச் சொல்லுங்கடா என்று கேட்டாள். எத்தனையோ நூறு வருஷத்துக் கோபம் அது. ஒரு தாம்பாளத்துக்கு இறங்குமா?

ஐந்தரை பஸ் கால்மணி நேரம் முன்னதாகவே உறுமிக்கொண்டு வந்து நின்றது. புழுதி அடங்கியபோது பெஞ்சு காலி. டிரைவருக்குப் பின்னால், பெண்கள் இருக்கையில், ஜன்னலோரமாகத் தவ்வை உட்கார்ந்திருந்தாள், பிள்ளைகள் இரண்டும் மடியோடு ஒண்டிக்கொண்டிருந்தன.

வடிவு தாம்பாளத்தோடு படியேறிப் போய்த் தவ்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, போ. போறதுன்னா போ. ஆனா நீ போற எடத்துல உன்னை எங்க நிறுத்துவாங்களோ தெரியாது, காலையில முகம் துடைச்சுவிட ஆள் இருக்குமோ தெரியாது. நானும் வர்றேன். எனக்கு மட்டும் இங்க காலையில பேசறதுக்கு யார் இருக்கா?" என்று சொல்லி, கண்டக்டரைக் கூப்பிட்டு, ஜில்லா மியூசியம் வாசலுக்கு டிக்கெட் கேட்டாள். கண்டக்டர் பையைத் திறந்தபடி, எத்தனை டிக்கெட் என்று கேட்கத் தைரியமில்லாமல் நின்றார்.

மேடம் பஸ்ஸில் ஏறிவிட்டாள் என்கிற சேதி மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ராஜக்கனியும் அவளுக்குப் பின்னால் ஒரு பட்டாளம் பெண்களும் ஓடி வந்தார்கள். ராஜக்கனி மூச்சு வாங்கப் படியேறினாள்.

"மேடம், எறங்குங்க. அங்க சனம் காத்துக் கெடக்கு."

"மாட்டேன்."

"சின்னப் பிள்ளை மாதிரிப் பண்ணாதீய. அந்தப் பேர் உள்ளவளுக்காக ஊரையே விட்டுட்டுப் போவாவளா?"

"அந்தப் பேர்னா எந்தப் பேர்?" வடிவு நிமிர்ந்து பார்த்தாள். "எங்க அப்பா என்னை அந்தப் பேர் சொல்லித்தான் படிக்க எழுப்புவார். இங்க மேலதிகாரி ஒருத்தர் போன்லயே சொல்லியிருக்கார். ராஜக்கனி அக்கா, உங்களை யாருமே மூதேவின்னு கூப்பிட்டதில்லையா?"

ராஜக்கனி பொரிந்து தள்ளினாள். "கூப்பிட்டதில்லையாவா? எம் மாமியாருக்கு என் நெசப் பேரே மறந்து போச்சு மேடம்! பால் பொங்கினா மூதேவி, பொங்காட்டி மூதேவி, சிரிச்சா மூதேவி, சிரிக்காட்டி மூஞ்சியைப் பாரு மூதேவின்னு! ரேஷன் கார்டுல மட்டுந்தான் நான் ராஜக்கனி!" சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஜன்னலோரத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக நின்றது. "ஏ ஆத்தா, அப்ப இவ எம் பேர்க்காரியா?"

"எனக்கும் பேர்க்காரிதான்," என்றாள் ஜெனிட்டா கீழேயிருந்து. "எட்டு மணிக்கு மேல தூங்கினா எங்க வீட்ல எம்பேர் அதுதான்." அவள் ஏறினாள். நர்ஸம்மா ஏறினாள், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று. பால் சொசைட்டிப் பெண்கள் ஏறினார்கள், பால் தராத மாட்டுக்கும் கறக்கப் பிந்திய தங்களுக்கும் ஒரே பேர்தான் என்று. பள்ளிக்கூட டீச்சர் ஏறினாள், வாங்கியதும் உண்டு, பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் உண்டு, இனிமேல் கொடுக்கமாட்டேன் என்று. மீன் கூடையோடு ஒருத்தி, கைப்பிள்ளையோடு ஒருத்தி, போன வாரம் கல்யாணமாகி நேற்றுத்தான் முதல் தடவை வாங்கிக்கட்டிக்கொண்ட ஒருத்தி என்று, சாத்தங்குறிச்சியில் அந்தப் பேரை ஒரு தடவையாவது வாங்காத பொம்பளை ஒருத்தி உண்டா, எல்லோரும் ஏறினார்கள். ஏறி, யார் சொன்னது, எதற்குச் சொன்னது, அன்றைக்கு எந்தச் சட்டி உடைந்தது என்று ஆளாளுக்குச் சொல்லி, ஒருத்தி கதைக்கு ஒருத்தி சிரித்து, கண்ணில் நீர் வரச் சிரித்து, பஸ் நின்ற இடத்திலேயே குலுங்கியது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்.

ராஜக்கனி வடிவின் மடியிலிருந்த தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, கல்யாண வீட்டில் மூத்த நாத்தனாரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"ஏ அக்கா, இந்தா வெத்தல. நாங்க எல்லாரும் ஒம் பேர்க்காரிக, ஒன் ஆளுக. எங்க கையால படம் வரஞ்சு மாட்டியிருக்கோம். நீ முன்ன நின்னு தொறந்து வைக்காம நாங்க விசேஷத்தை ஆரம்பிக்கப் போறதில்லை. எம் முகூர்த்தம் போனாப் போகட்டும், சமைக்கத் தெரிஞ்சவளுக்கு வேற அடுப்பா கெடைக்காது?"

தாம்பாளத்தை நீட்டிவிட்டு அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அத்தனை பெண்களும் திரும்பிக்கொண்டார்கள். கண்டக்டர் மேற்கூரையைப் பார்த்தார். தாம்பாளம் லேசானது. பார்த்தபோது வெற்றிலை இல்லை, பூ இல்லை, இரண்டு பிள்ளைகள் கையிலும் ஆளுக்கொரு வாழைப்பழம்.

அவ்வளவுதான், குலவை பிய்த்துக்கொண்டு போனது. பிச்சுமணி விசிலை எடுத்து ஊர் பூராவும் கேட்கிற மாதிரி ஊதி, "ஐந்தரை வண்டி மியூசியம் வழியாகச் செல்லும்!" என்று மைக்கில் அறிவித்தார். அந்த வழியாகப் போனால் மேற்கொண்டு போக ரோடே கிடையாது, முட்டுச் சந்து. அதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. மியூசியத்தில் மேலிடத்திலிருந்து, கூட்டம் வந்ததா என்று கேட்கப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் வேண்டுமே! இருந்தவர்களெல்லாம் வாசலில் நின்றார்கள், வாசல் கொள்ளாமல் ரோட்டில் நின்றார்கள், ரோடு கொள்ளாமல் பக்கத்து மண்டபத்து மொட்டைமாடியில் நின்றார்கள். பஸ் வளைந்து வந்து நின்றதும், சொல்லிவைத்தாற்போல அத்தனை சனமும், ஆம்பிளைகள் உட்பட, முன்வரிசை நாற்காலியில் இருந்த நால்வர் உட்பட, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

வடிவு முதலில் இறங்கினாள். அவளும் பின்னால் பார்க்கவில்லை. பாதிப் படியில் அவள் தோள்மேல் ஒரு கை விழுந்தது. குளிர்ச்சியாக, அம்மாடி, என்ன கனம்! முழங்கால் மடங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பாத்து வாக்கா," என்றாள். "கடைசிப் படி உசரம்."